“ஏதோ மிஸ்ஸாகுது” என்று பாஸ் சொன்னால்: ஜூனியர் டிசைனருக்கான கையேடு

“நல்லாத்தான் இருக்கு… ஆனா ஏதோ மிஸ்ஸாகுது.” டிசைன் வேலையில் சேர்ந்த முதல் மாதத்துக்குள் இந்த வாக்கியம் காதில் விழுந்துவிடும். என்ன மிஸ்ஸாகிறது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். இருக்கைக்குத் திரும்பி ஃபாண்டை மாற்றி, கலரை மாற்றி, படத்தை இடவலமாகப் புரட்டிப் போட்டுப் பார்த்தால் மாலைக்குள் ஏழு வெர்ஷன் சேர்ந்திருக்கும். கடைசியில், “முதல்ல ஒண்ணு காட்டினியே, அதையே அனுப்பிடு.”

தப்பு பாஸ் மேல்தான் என்பது பல நேரங்களில் உண்மை. அதனால் ஃபைல் முடிந்துவிடாது. மாத்திரையின் பெயரைச் சொல்லி “இதையே எழுதிக் கொடுங்க” என்று டாக்டரிடம் கேட்கும் நோயாளியைப் போலத்தான் பல பாஸ்கள் டிசைனரிடம் பேசுகிறார்கள். “லோகோவைப் பெருசாக்கு” என்பது மாத்திரை. வலி எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்வது டிசைனரின் பாடு. அந்தக் கேள்வியை எப்போது, எந்தச் சொற்களில், யாரும் முகம் சுளிக்காதபடி கேட்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

பிரீஃப் வராவிட்டால் நீங்களே எழுதுங்கள்

“ஒரு போஸ்டர் வேணும், சீக்கிரம்” என்பது பிரீஃப் (வேலை யாருக்கு, எதற்கு, எப்போது என்று சொல்லும் குறிப்பு) இல்லை. ஆனால் பெரும்பாலும் அவ்வளவுதான் கிடைக்கும். ஃபைலைத் திறக்கும் முன் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு ஐந்து விஷயங்களுக்கு விடை தேடுங்கள்:

1. இதைப் பார்ப்பவர் யார், எங்கே பார்ப்பார்: போனிலா, சுவரிலா, கையில் வாங்கும் தாளிலா?
2. பார்த்த பிறகு அவர் செய்ய வேண்டிய ஒரே காரியம் என்ன?
3. கட்டாயம் இருக்க வேண்டிய எழுத்து, லோகோ, படம் எவை? இறுதி வாசகம் தயாரா?
4. அளவு, ஃபைல் வகை, கடைசி நேரம்?
5. “ஓகே” சொல்லும் கடைசி ஆள் யார்?

ஐந்தாவது கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உங்கள் டீம் லீடர் ஓகே சொன்ன டிசைனை அவருக்கும் மேலே இருப்பவர் ஒரே பார்வையில் தூக்கிப் போடுவது இதனால்தான்.

இந்த ஐந்தையும் கேள்வித்தாள் போல அனுப்பினால் பதில் வராது. பிஸியான மனிதருக்குக் கேள்வியைக் கண்டாலே கை வராது. விடைகளை நீங்களே ஊகித்து எழுதி, சரிபார்க்கச் சொல்லி அனுப்புங்கள். தவறைத் திருத்துவது எல்லோருக்கும் எளிது. இப்படி:

“சார், நான் புரிஞ்சுக்கிட்டது இது: போன்ல பார்க்கிறவங்களுக்கு, 1080-க்கு 1350 பிக்சல். தேதியும் பதிவு செய்யும் பட்டனும்தான் முதல்ல கண்ணுல படணும். படம் ஒண்ணு போதும். நாளைக்கு 11 மணிக்கு முதல் ரஃப் காட்டுறேன். இதுல மாத்தணும்னா சொல்லுங்க, இல்லைன்னா மதியம் இப்படியே தொடங்கிடுறேன்.”

கடைசி வரிதான் இதில் உயிர். பதில் வராமலே போனாலும் வேலை நிற்காது. பிறகு “நான் இப்படிச் சொல்லலையே” என்ற பேச்சு வந்தால் எடுத்துக் காட்ட ஒரு எழுத்து இருக்கும். அதை எடுத்துக் காட்டும் தொனி மட்டும் முக்கியம். “பாருங்க சார், அன்னைக்கே அனுப்பினேன்” என்று வெற்றிக்கொடி நாட்ட வேண்டாம். “அன்னைக்கு இப்படிப் பேசியிருந்தோம், இப்போ எதை மாத்தலாம்?” என்றாலே விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

மொழிபெயர்க்க வேண்டிய சொற்கள்

“பாப் ஆகணும்”, “பிரீமியமா இருக்கணும்”, “லைவ்லியா இல்லை”. இவற்றைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். ஆனால் சொல்பவருக்கு உண்மையாகவே ஒரு குறை தெரிகிறது, பெயர் வைக்கத்தான் தெரியவில்லை. பெயர் உங்களுக்குத் தெரியும்.

“பாப்” என்பது பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் குறை, அதாவது ஒன்று பக்கத்தில் இருப்பதிலிருந்து பிரிந்து தெரியாத குறை. அளவு, நிறம், தடிமன், சுற்றிலும் உள்ள காலி இடம் என்று கான்ட்ராஸ்ட் நான்கு வழிகளில் வரும். நான்கையும் ஒரே நேரத்தில் கூட்டினால் எல்லாமே கத்தும், எதுவும் கேட்காது. டிசைனை மூன்று பிரதி எடுங்கள். முதலாவதில் தலைப்பின் அளவை மட்டும் ஒன்றரை மடங்காக்குங்கள். இரண்டாவதில் பின்னணியை மட்டும் அடர்த்தியாக்குங்கள். மூன்றாவதில் தலைப்பைச் சுற்றி இருப்பதையெல்லாம் தள்ளிவைத்து இடம் விடுங்கள். இருபது நிமிட வேலை. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “எது நீங்க சொன்னதுக்குக் கிட்ட இருக்கு?” என்று கேளுங்கள். விரல் ஒன்றின் மேல் போய் நிற்கும். ஒரு பிரதியில் ஒரே மாற்றம் என்பதால், அந்த விரல் எதைச் சொல்கிறது என்பதில் சந்தேகம் இருக்காது. மூன்று பிரதியிலும் எல்லாவற்றையும் மாற்றிக் காட்டினால், “இதோட கலரு, அதோட ஃபாண்டு, இன்னொண்ணோட படம்” என்று ஒரு கதம்பம்தான் திரும்பி வரும்.

“பிரீமியம்” என்றால் குறைத்தல் என்று எடுத்துக்கொள்ளலாம்: நிறங்கள் இரண்டு, ஓரங்களில் தாராளமான இடம், எழுத்து சற்றுச் சின்னதாக. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டு, எழுத்துகளுக்கிடையே இடைவெளி விட்டால் உடனே ஒரு விலையுயர்ந்த தோற்றம் வந்துவிடும். தமிழில் அது நடக்காது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே நம்மிடம் இல்லை. இடைவெளியைக் கூட்டினால் சில மென்பொருள்களில் ‘கொ’ என்பதன் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும். பிரியாவிட்டாலும் சொல் சிதறிக் கிடப்பதுபோலத் தெரியும். ஆங்கில ரெஃபரன்ஸைக் காட்டி “இதே ஃபீல் தமிழ்ல” என்று பாஸ் கேட்டால், மெலிந்த ஃபாண்ட், ஓரம், வரிகளுக்கிடையே கூடுதல் இடம் ஆகிய மூன்றை வைத்துத்தான் அந்த ஃபீலைக் கொண்டுவர வேண்டும். இதை ஆரம்பத்திலேயே ஒரு சின்ன மாதிரி போட்டுக் காட்டிவிடுங்கள். ஆங்கில வாசகத்தில் லேஅவுட்டை ஓகே வாங்கிவிட்டுக் கடைசி நாளில் தமிழைக் கொட்டினால், நீளமான சொற்கள் பெட்டிக்கு வெளியே வழியும். பழி லேஅவுட் போட்டவர் தலையில்தான் விழும்.

“லைவ்லியா இல்லை” என்றால் முதலில் பார்க்க வேண்டியது அடுக்கு, அதாவது எது முதலில், எது அடுத்து கண்ணில் படுகிறது என்ற வரிசை. எல்லாம் நடுவில், எல்லாம் ஒரே அளவில் இருந்தால் எந்த நிறம் போட்டாலும் தூங்கும். “க்ளீனா வேணும்” என்பது அநேகமாக அலைன்மென்ட் பிரச்சினை. இடது ஓரத்தில் எத்தனை வெவ்வேறு கோடுகளில் பொருள்கள் தொடங்குகின்றன என்று எண்ணுங்கள். நான்கைந்து இருந்தால் இரண்டாகக் குறைத்துவிட்டுக் காட்டுங்கள். வேறெதையும் தொட வேண்டாம்.

எந்த வகையிலும் சேராத “ஏதோ மிஸ்ஸாகுது”வுக்கு ஒரே மருந்து, சுட்டிக் காட்டச் சொல்வது. “உங்க கண்ணு முதல்ல எங்க போகுது சார்? அடுத்து எங்க?” இந்தக் கேள்விக்குக் கலை அறிவு தேவையில்லை, யாரும் பதில் சொல்லிவிடலாம். முதலில் தேதிக்குப் போக வேண்டிய கண், மூலையில் இருக்கும் அலங்காரப் பூவுக்குப் போகிறது என்றால் மிஸ்ஸான பொருள் கிடைத்துவிட்டது.

லோகோவைப் பெருசாக்கு

இதற்குத் தனி அத்தியாயம் கொடுத்தே ஆக வேண்டும். லோகோவின் அகலத்தை 20 சதவீதம் கூட்டினால் உயரமும் கூடி, அது அடைக்கும் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் “கொஞ்சம் பெருசாக்கின” லோகோ திடீரென்று பக்கத்தையே விழுங்கிவிடுகிறது.

“பெருசாக்கு” என்பதன் பின்னால் இருக்கும் வலி மூன்றில் ஒன்றாக இருக்கும். லோகோ கண்ணில் படவில்லை; பட்டாலும் படிக்க முடியவில்லை; அல்லது கிளையன்ட் கேட்பார் என்ற பயம். கண்ணில் படவில்லை என்றால் சுற்றியிருக்கும் சத்தத்தைக் குறைத்து இடம் விட்டாலே போதும். படிக்க முடியவில்லை என்றால் அந்த லோகோவின் அடிவரியை (பெயருக்குக் கீழே வரும் சின்ன வாசகத்தை) எடுத்துவிட்ட வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். சின்ன அளவுகளில் அடிவரிதான் எறும்பு ஊர்வது போல ஆகும். பயம் என்றால், பெருசாக்கிவிடுவதுதான் வழி. அது டிசைன் பிரச்சினையே இல்லை.

எதுவானாலும் கேட்டதை முதலில் ஒழுங்காகச் செய்து காட்டுங்கள். பிறகு, “இதையும் ஒரு தடவை பாருங்க” என்று உங்கள் மாற்று வழியைப் பக்கத்தில் வையுங்கள். வரிசை முக்கியம். மாற்றை மட்டும் கொண்டுபோனால் சொன்ன பேச்சைக் கேட்காதவர் என்று பெயர் வரும். இன்னொரு பழைய தந்திரம் உண்டு: கேட்டதை வேண்டுமென்றே அசிங்கமாகச் செய்து காட்டினால் அவரே மனம் மாறுவார் என்பது. மாற மாட்டார். அந்த அசிங்கத்தையே தேர்ந்தெடுப்பார், அது வெளியே போகும். வெளியே போனால் வெட்கப்படக்கூடிய எந்த ஆப்ஷனையும் மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

காட்டும் விதம்

மோசமான ஃபீட்பேக்கில் பெரும்பங்கு, மோசமாகக் காட்டியதால் வருவது. ஜூனியர்கள் ஒப்புக்கொள்ள விரும்பாத உண்மை இது.

முழுதாக மெருகேற்றிய ஒன்றைக் காட்டினால் பார்ப்பவர் மெருகைப் பற்றித்தான் பேசுவார். கரு சரியா என்று பேச மாட்டார். பத்து சதவீத வேலை முடிந்ததும் சாம்பல் நிறப் பெட்டிகளாக ஒரு லேஅவுட்டைக் காட்டுங்கள். நிறம் இல்லாததால் “இந்த நீலம் பிடிக்கலை” என்று ஆரம்பிக்க வழியில்லை. பாதியில் ஒருமுறை, நிறமும் உண்மையான வாசகமும் சேர்த்து. கடைசியில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் எதைப் பற்றிக் கருத்து வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்: “இன்னைக்கு வரிசை மட்டும் சரியான்னு பாருங்க மேடம், கலர் நாளைக்கு.” சொல்லாவிட்டால் கண்ணுக்கு முதலில் அகப்பட்டதைப் பற்றிப் பேசுவார்கள். மனித இயல்பு.

உண்மையான அளவில் காட்டுங்கள். போனில் பார்க்கும் டிசைனைப் பெரிய மானிட்டரில் விரித்துக் காட்டினால் எழுத்து போதுமான அளவில் இருப்பதாகத்தான் தோன்றும். அச்சு வேலை என்றால் ஆபீஸ் பிரின்டரில் 100 சதவீத அளவில் ஒரு தாள் எடுத்துக் கையில் கொடுங்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போய்ச் சேரும், மெல்லிய கோடுகள் மங்கும், டாகுமென்டாக அனுப்புங்கள். “கலர் மஞ்சளடிக்குது” என்று பதில் வந்தால் ஃபைலைத் தொடுவதற்கு முன், அவர் போனில் இரவு நேரக் கண் பாதுகாப்பு மோடு ஓடுகிறதா என்று கேளுங்கள். அதற்காக நிறத்தைத் திருத்தியவர்கள் இருக்கிறார்கள்.

ரசனையோடு மோதாதீர்கள், அளவோடு பேசுங்கள்

“எனக்கு அது நல்லா இல்லைன்னு தோணுது” என்று ஜூனியர் சொன்னால், “எனக்கு நல்லா இருக்கு” என்பதோடு பேச்சு முடிந்தது. ரசனைக்கும் ரசனைக்கும் நடக்கும் சண்டையில் சம்பளம் அதிகம் வாங்குபவர் ஜெயிப்பார். அளந்து காட்டக்கூடியவற்றில் மட்டும் நின்று பேசுங்கள்.

வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியின் ஏஏ நிலை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் விகிதத்தையும், பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்பதையும் கேட்கிறது. வெள்ளைமேல் #999999 என்ற நிறக்குறியீடுள்ள சாம்பலின் விகிதம் 2.85 மட்டுமே. #767676 வரை அடர்த்தியாக்கினால் 4.54 வந்து தேறிவிடும். இலவசக் கான்ட்ராஸ்ட் செக்கரில் இரண்டு எண்களையும் போட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, “சாம்பலாவே இருக்கட்டும் சார், இந்த அளவுக்கு மட்டும் கொண்டுவரலாம்” என்று சொல்லுங்கள். அவர் கேட்ட சாம்பலும் கிடைக்கிறது, படிக்கவும் முடிகிறது. வாக்குவாதத்துக்கு இடமே இல்லை.

அதே மாதிரி, செயலியில் பட்டனைக் குட்டியாக்கச் சொன்னால் ஆப்பிள் சொல்லும் 44 பாயின்ட், கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டி சொல்லும் 48 டிபி என்ற தொடுபரப்பு (விரல் பட வேண்டிய இடம்) அளவுகளைக் காட்டலாம்; பாயின்ட், டிபி இரண்டும் திரை அளவைக் குறிக்கும் அலகுகள். கண்ணுக்குத் தெரியும் ஐகான் சின்னதாக இருந்தாலும் தொடுபரப்பை அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அவருக்கு ஒரு வழி விட்ட மாதிரி இருக்கும். அச்சில், “சோஷியல் மீடியாவுக்குப் போட்ட படத்தையே பேனருக்கு எடுத்துக்கோ” என்பது அடிக்கடி வரும் கட்டளை. 1080 பிக்சல் அகலமுள்ள படம், அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சுத் தரத்தில் 9 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 300 தேவையில்லை என்றாலும், மீட்டர் கணக்கில் இழுத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். திரையில் பளீரிடும் பச்சையும் நியான் நீலமும் சிஎம்ஒய்கே என்ற நான்கு நிற அச்சு மையில் வராது, மங்கித்தான் விழும். அதை அச்சுக்கு முன்பே மானிட்டரில் சாஃப்ட் ப்ரூஃப் (அச்சில் நிறம் எப்படி விழும் என்று திரையிலேயே காட்டும் மாதிரி) வைத்துக் காட்டிவிடுங்கள். தாளை வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் ப்ளீட் (ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க நீட்டிவைக்கும் பின்னணி) விடுவதைப் பற்றி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஒருமுறை ஆதாரத்தோடு சொல்லியும் கேட்கவில்லையா? செய்துவிடுங்கள். ரசனை சார்ந்தது என்றால் முதல் முறையே செய்துவிடுங்கள். பாஸுக்கு பட்ஜெட் தெரியும், கிளையன்டின் குணம் தெரியும், போன வருடம் சிவப்பு நிறம் போட்டு நடந்த கலாட்டா தெரியும். காரணத்தைச் சொல்லாமல் இருப்பது அவர் தவறுதான், ஆனால் காரணமே இல்லை என்று ஆகிவிடாது. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதில் மட்டும் வளையக் கூடாது: அடுத்தவர் சொத்து. “இணையத்துல எடுத்த இந்தப் படத்தையே போட்டுடு”, “இந்த டிசைனை அப்படியே பண்ணிடு”. சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசம் என்று உரிமத்தில் எழுதியிருக்கும் ஃபாண்டை வணிக வேலையில் போடுவதும் இதில் சேரும். இங்கே மறுக்கும் முன் வேறு வழியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: உரிமம் உள்ள படம் இரண்டு, அதே சாயலில் வணிகத்துக்கு அனுமதியுள்ள ஃபாண்ட் ஒன்று. “அப்படியே பண்ணு” என்பவரிடம், “இதுல உங்களுக்குப் பிடிச்சது கலரா, படம் எடுத்த விதமா, எழுத்து உட்கார்ந்திருக்கிற விதமா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை நீங்கள் கட்டலாம். இதற்கும் மேலே வற்புறுத்தினால், ஆபத்தை இரண்டு வரியில் மெயிலில் எழுதிப் பதில் வாங்காமல் ஃபைலை அனுப்பாதீர்கள்.

நேற்று ஒன்று, இன்று ஒன்று

மனம் மாறும் பாஸிடம் நினைவாற்றலை நம்பி வேலை செய்ய முடியாது. மீட்டிங் முடிந்த கால் மணி நேரத்துக்குள் நான்கைந்து வரி அனுப்பிவிடுங்கள்: என்ன முடிவானது, ஏன், யார் சொன்னது, எது இன்னும் முடிவாகவில்லை, அடுத்து எப்போது. “ஏன்” என்பதை விட்டுவிடாதீர்கள். “பின்னணி பச்சை” என்று மட்டும் எழுதினால் அடுத்த வாரம் அது நீலமாகும்போது பேச ஒன்றும் இருக்காது. “லோகோ சிவப்பு, அது தனியாகத் தெரிவதற்காகப் பின்னணி பச்சை” என்று எழுதியிருந்தால் அந்தக் காரணத்தை வைத்துப் பேசலாம்.

ஃபைல் பெயரில் ‘ஃபைனல்’ என்ற சொல்லையே எழுதாதீர்கள். வேலையின் பெயர், வெர்ஷன் எண், தேதி போதும். வி2, வி10 என்று எழுதினால் பட்டியலில் பத்து முன்னால் போய்விடலாம் என்பதால் 02, 10 என இரண்டு இலக்கமாக வையுங்கள். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் என்றால் காட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் வெர்ஷனுக்குப் பெயர் வைத்துச் சேமித்துவிடுங்கள். தானாகச் சேமிக்கப்பட்டவற்றில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி. காட்டிய ஒவ்வொன்றின் பிடிஎஃப்பும் ஒரு ஃபோல்டரில் கிடக்கட்டும். “முதல்ல காட்டினது” என்று கேட்கும் நாள் கட்டாயம் வரும், அன்றைக்கு ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுக்கலாம்.

இரண்டு பாஸ் எதிரெதிராகச் சொன்னால், நடுவில் தூதுபோவதுதான் ஜூனியர் செய்யும் பெரிய தவறு. “அவர் இப்படிச் சொன்னார்” என்று இங்கே சொல்லி, இவர் பதிலை அங்கே கொண்டுபோனால் இரண்டு பக்கமும் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும். இருவரும் இருக்கும் ஒரே குழுவில், இரண்டு கருத்தையும் யார் பெயரும் சொல்லாமல் ‘அ’, ‘ஆ’ என்று போட்டு, இரண்டுக்கும் ஒவ்வொரு படம் வைத்து, “எதுல போகலாம்? நான்கு மணிக்குள்ள தெரிஞ்சா இன்னைக்கே முடிச்சிடலாம்” என்று கேளுங்கள். முடிவை அவர்களே எடுக்கட்டும்.

அவசரத்துக்கும் இதே கணக்குதான். “மாலைக்குள்ள மூணு ஆப்ஷன்” என்றால் முடியாது என்று சொல்ல வேண்டாம். நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். “ஒண்ணை முழுசா முடிக்க மூணு மணி நேரம் ஆகும் சார். மாலைக்குள்ள ஒண்ணு முழுசா, ரெண்டு ரஃப்பா தரட்டுமா, இல்லை மூணும் ரஃப்பா வேணுமா?” இதைச் சொல்ல உங்கள் வேகம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் ஒவ்வொரு வேலைக்கும் பிடித்த நேரத்தைக் குறித்துவையுங்கள்.

யாரும் கற்றுத்தராத இடத்தில்

வழிகாட்டல் மோசமாக இருக்கும் இடத்தில் நிஜமான நஷ்டம், கண் வளராமல் போவது. தினமும் திருத்தம் கிடைக்கும், காரணம் கிடைக்காது. வேலை முடிந்ததும் உங்கள் டிசைனை நீங்களே சோதியுங்கள்: கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், அடுக்கு அப்போதும் தெரிகிறதா? கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், எது கடைசிவரை மறையாமல் நிற்கிறது? சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு ஐந்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். துறையில் மூத்தவர் ஒருவரை ஆபீஸுக்கு வெளியே பிடித்து மாதம் ஒருமுறை இரண்டு வேலையைக் காட்ட முடிந்தால் இன்னும் நல்லது.

ஆறு மாதம் இதையெல்லாம் செய்தும், பிரீஃபை எழுதி அனுப்பினால் திட்டு, கேள்வி கேட்டால் எல்லோர் முன்னாலும் அவமானம் என்றால் அது மோசமான வழிகாட்டல் இல்லை, மோசமான இடம். அங்கே டெக்னிக் பலிக்காது. வேறு இடத்தில் காட்ட உங்கள் வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத் தயார் செய்யுங்கள்.

அதில் வெளியே போன வெர்ஷனோடு நீங்கள் நம்பிய வெர்ஷனையும் வைக்கலாம், ‘தேர்வாகாத வடிவம்’ என்று அடியில் எழுதி, பிரச்சினை என்ன, ஏன் இப்படி என்று மூன்று வரி சேர்த்து. பாஸைக் குறை சொல்லும் வரி அதில் ஒன்றுகூட வேண்டாம். இன்னும் வெளியாகாத வேலையையும் ரகசிய ஒப்பந்தத்துக்குள் வரும் வேலையையும் எழுத்தில் அனுமதி வாங்காமல் போடாதீர்கள்; அனுமதி கிடைக்காவிட்டால் பெயரையும் லோகோவையும் எடுத்துவிட்டுக் கற்பனை வாசகம் போட்டு அதே லேஅவுட்டைப் புதிதாகக் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் அந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு பிரீஃப் எழுதி அதைச் செய்துவையுங்கள்.